நலக் கொப்பியில் என் இரண்டெழுத்து

மாணவர் நலன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

பழையவள் ஒருத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் குறைவு. இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்ததில் வாய் நீண்டதுதான் மிச்சம். போன மாதம் உங்கள் அறைக்கு வந்தபோது சுவரில் ஒரு பெரிய வட்டம் வரைந்து, அதை ஆறு துண்டாகப் பிரித்து, உடல், மனம், உணவு, ஓய்வு, உறவு, ஊக்கம் என்று நிறம் நிறமாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். வடிவாக இருந்தது. நானும் அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைச் செய்தவள்தான். என்னுடையது வட்டம் இல்லை, ஐந்து கட்டம். அதில் மூன்றாவது கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனது பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லோரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசியபோது இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் யாரும் அன்று சபையில் இருக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

அது சண்டைக் காலம். இன்று நீங்கள் லிஃப்டில் ஏறிப்போகும் கல்லூரி அன்று வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகைக்கு எடுத்த மாடிவீடு. படிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் வடக்கு, கிழக்குப் பிள்ளைகள். லொட்ஜ்களில் ஓர் அறைக்கு நாலு பேர் என்று தங்கியிருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சிங்களம் எனக்குத் தமிழ் மாதிரியே வாயில் வரும். அடையாள அட்டையில் கொழும்பு முகவரி. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து வெள்ளவத்தை பஸ் பிடிப்பேன். வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் என் அட்டையைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவார்கள். என் மாணவர் வயதுப் பிள்ளைகளை இறக்கி வரிசையில் நிற்கவைப்பார்கள். இதை ஒவ்வொரு நாளும் யன்னலோரத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அது வேலைக்குப் பிந்துகிற விஷயமாக மட்டுமே இருந்தது. இப்படி எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த வருடம் ஆறு வாரம் ஒரு வகுப்புக்குப் போய் வந்தேன். உடம்பை வேறாகவும் மனத்தை வேறாகவும் பார்க்கக் கூடாது, மனிதரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். முழுநலம் என்ற சொல் எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. அந்த எண்ணத்தில் பிழை இல்லை, இன்றைக்கும் அதையே சொல்வேன். என் மாணவர்கள் வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். மூன்று வேளையும் பாணும் பருப்பும் சாப்பிட்டார்கள். சிரிப்பைக் காணோம். இவர்களை ஒரு கை பார்க்கிறேன் என்று இறங்கினேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. நலக் கொப்பி என்று பெயர் வைத்தேன். நாளுக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்: நித்திரை, சாப்பாடு, பயிற்சி, மனம், யாருடன். கடைசிக் கட்டம் அன்று யார் யாரோடு பொழுதைக் கழித்தார்கள் என்று எழுதுவதற்கு. தனிமையும் ஒரு நோய்தான் என்று வகுப்பில் படித்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லாக் கொப்பியையும் வாங்கிச் சிவப்புப் பேனையால் கையெழுத்துப் போட்டு அலுமாரியில் வைப்பேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பேன்.

மூன்றாவது கட்டத்துக்கு முதலில் உடற்பயிற்சி என்றுதான் எழுதினேன். பிரதி எடுக்க ஸ்டென்சிலில் வெட்டும்போது சொல் கட்டத்தை விட்டு வெளியே ஓடியது. எக்ஸசைஸ் என்று போடச் சொன்னார்கள். எனக்கோ அந்த நாளில் நல்ல தமிழ் என்றால் ஒரு பைத்தியம். சொல்லின் தலையை நறுக்கிவிட்டுப் பயிற்சி என்று போட்டேன். அட்டையில் பெயர், வகுப்பு, அதற்குக் கீழே பொறுப்பாளர். பிள்ளைகள் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் பொறுப்பாளர் என்று போட்டால் ஒரு கனம் இருக்கும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் என் பெயரின் இரண்டெழுத்தைப் போட்டேன்: மே.பி. கல்லூரியின் பெயரை மட்டும் அட்டையில் போட எங்கள் பணிப்பாளர் விடவில்லை. ரோனியோ மெஷினில் அடித்த கடதாசியில் பெயர் வந்தால் மதிப்பில்லை என்றார்.

உங்களுக்கு வயது காணாது, ஆகையால் விளங்கச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வடக்கில் ஒரு வீட்டுப் பிள்ளை பயிற்சிக்குப் போய்விட்டான் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்கப் போய்விட்டான் என்பது. தாய் அந்த இடத்திலேயே குந்திவிடுவாள். பொறுப்பாளர் என்றால் இயக்கத்துக்காக ஒரு பகுதியை நடத்துகிறவர். இரண்டும் எனக்குத் தெரியாத சொற்களா? தினமும் பேப்பர் படித்தவள் நான். ஆனால் அவை எனக்குப் பேப்பரில் வருகிற சொற்கள். என் கொப்பியில் இருப்பது வேறு சொல் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பது பிள்ளைகள் அந்தக் கொப்பியைத் திறந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் பேசாமல் நிரப்பினார்கள். ரூபன் மட்டும் மூன்றாவது கட்டத்தைத் தொடவில்லை. பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை, மெலிந்தவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். மற்ற நாலு கட்டமும் நிரம்பியிருக்கும். மூன்று வாரமாக அந்த ஒரு வரிசை வெள்ளையாகவே கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அவனை எழுப்பினேன்.

“ரூபன், என்ன இது? மூண்டு கிழமையா உமக்குக் கைகால் வழங்கேல்லையா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவழைக்கிறதில் ஒரு பெருமை.

“நடக்கிறனான் மிஸ். விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் போறனாங்கள்.”

“அப்ப ஏன் எழுதேல்லை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அந்தச் சொல்லு வேண்டாம் மிஸ். அதை வெட்டிப்போட்டு நடை எண்டு எழுதட்டே?” என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது. நல்ல தமிழில், மரியாதையாக, எல்லோர் முன்னாலும் வந்தது. ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. நான் கேட்கவில்லை. என் தலைப்பில் அவன் குறை கண்டுபிடிக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. “தந்த தலைப்புக்குக் கீழ எழுதும். நீர் புதுத் தமிழ் கண்டுபிடிக்க வேண்டாம்” என்றேன். மூன்று கிழமைக்கும் சேர்த்து நிரப்பித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அவனுடைய கொப்பியை மட்டும் லொட்ஜுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அவன் சொன்னபடி செய்கிற பிள்ளை. இருபத்தொரு வரியிலும் முத்துமுத்தாக ஒரே வசனம்: காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை பயிற்சி, தண்டவாளப் பக்கம். யாருடன் என்ற கட்டத்தில் அறைத் தோழர்கள் மூவரின் பெயர்கள். அட்டையில் பொறுப்பாளர் மே.பி.

ஞாயிற்றுக்கிழமை காலை லொட்ஜ் இருந்த ஒழுங்கையைப் பொலிசார் சுற்றிவளைத்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லொட்ஜ் நடத்துகிற அன்ரி கல்லூரிக்கு ஓடிவந்தா. தலை வாரி இழுக்கவில்லை, காலில் செருப்பில்லை.

“நாலு பேரையும் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் மிஸ். வேறயொண்டும் அகப்படேல்லை. உங்கட கொப்பிதான். அதை வாசிச்ச பிறகுதான் அவங்கட முகம் மாறினது.”

“நலக் கொப்பியா? அதில என்ன இருக்கு?”

“என்ன இருக்கோ? பயிற்சி எண்டு இருக்கு. ஆராரோட எண்டு இருக்கு. இந்தப் பொறுப்பாளர் ஆர் எண்டு கேட்டு ரூபனுக்கு என்ர கண்ணுக்கு முன்னால அறைஞ்சாங்கள். பிள்ளை வாய் திறக்கேல்லை. நீங்கள் போய் ஒருக்காச் சொல்லுங்கோ மிஸ். உங்களுக்குச் சிங்களம் தெரியும்.”

அவர்களை வைத்திருந்த பொலிஸ் நிலையம் பஸ்ஸில் கால் மணித்தியாலம். எதுவென்று இங்கே எழுதவில்லை. நான் எழும்பி நின்றது ஞாபகம் இருக்கிறது. கைப்பையையும் எடுத்துவிட்டேன். அப்போது பணிப்பாளர் தன் அறையிலிருந்து வந்து, “மிஸ், அவசரப்பட வேண்டாம். நான் ஒரு சட்டத்தரணியோட கதைக்கிறன். முதல்ல கடிதம் ஒண்டு போகட்டும்” என்றார். எனக்கு வந்தது நிம்மதி. இதை மறைக்கவில்லை. உடம்பெல்லாம் இறங்கி வந்த ஒரு நிம்மதி. கைப்பையைத் திரும்ப வைத்தேன். அன்ரி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு போய்விட்டா.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய வேலை. அலுமாரியைத் திறந்து, இருந்த கொப்பிகள் அத்தனையையும் பின்பக்கம் கொண்டுபோய் அட்டை அட்டையாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பிள்ளைகளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முதலில் கிழித்தது அட்டைகளை. என் இரண்டெழுத்து இருந்த இடம் அதுதானே. சிவப்பு மை கரைந்து தண்ணீர் ரோசா நிறமானது. அதைக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டுக் கை கழுவினேன்.

அந்தக் கொப்பிகளில் என்ன இருந்தது? பூப்பந்து. கயிறடித்தல். மாடிப்படி ஏறினேன், முழங்கால் நோகிறது. என் கொப்பி என்ன கொப்பி என்பதற்கு முப்பத்துச் சொச்சம் சாட்சிகள். ரூபனை அன்றைக்கே வெளியே கொண்டுவந்திருக்கக்கூடிய அத்தனையையும் என் கையாலேயே அழித்தேன். பதற்றத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பதறுகிற கை அவ்வளவு ஒழுங்காகக் கிழிக்காது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மன அமைதி என்று எனக்கு ஒரு வகுப்பு. ஏற்கெனவே குறித்த நேரம், ஆகையால் எடுத்தேன். கண்ணை மூடுங்கோ, மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு கதிரை வெறுமையாக இருந்தது. நான் கண்ணைத் திறந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ரூபனின் அறைத் தோழர்கள். சட்டை கசங்கி, முகம் வீங்கி.

“எங்களை விட்டிட்டாங்கள் மிஸ்” என்றான் ஒருவன். “ரூபன் உள்ளுக்கத்தான்.”

“ஏன் அவனை மட்டும்?”

“கொப்பி அவன்ரதானே. மே.பி. எண்டா ஆர் எண்டு அவனைத்தான் கேக்கிறாங்கள். கல்லூரியில தந்தது எண்டு மட்டும் சொல்லுறான். ஆர் தந்தது எண்டு சொல்ல மாட்டானாம்.”

மூடிய கண்கள் எல்லாம் திறந்திருந்தன. மே.பி. யார் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை.

அன்றைக்கும் நான் போகவில்லை. பொழுது பட்டுவிட்டது, இனிப் போனால் பொலிசில் பெரிய அதிகாரி இருக்க மாட்டார் என்று ஒரு காரணம் கண்டுபிடித்து கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன். அன்றைய நித்திரைக் கட்டத்தில் நான் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

புதன்கிழமை காலை பணிப்பாளரிடம் சொல்லாமலே புறப்பட்டேன். காட்டுவதற்கு ஒரு கொப்பியாவது வேண்டும். அலுமாரி வெறுமை. வகுப்பு வாசலில் நின்று, யாரிடமாவது நலக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து படித்த மாலினி எழும்பினாள்.

“எங்கிட்ட இருக்கு மிஸ். வெள்ளிக்கிழமை காய்ச்சலா இருந்துச்சு, குடுக்கல. நானும் கூட வரட்டுங்களா?”

“வேண்டாம் பிள்ளை. கொப்பியை மட்டும் தாரும்.”

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர். ரூபனின் கொப்பி மேசையில் இருந்தது. பயிற்சி என்ற சொல்லை அவர் சிங்களத்தில் புஹுணுவ என்று மாற்றி எழுதியிருந்தார். படைக்கு ஆள் பழக்குவதற்கும் அதே சொல்தான். அவரில் பிழை சொல்ல முடியாது, நான் எழுதியிருந்ததை அப்படித்தான் மாற்றலாம். “புஹுணுவ இல்லை, வியாயாம” என்றேன். கைகாலை ஆட்டி அசைத்து உடம்பைப் பேணுவதற்குச் சிங்களத்தில் அப்படி வேறு சொல் இருக்கிறது. தமிழிலும் ஒரு முழுச் சொல் இருந்தது. அதன் தலையை நறுக்கியது நான்.

மாலினியின் கொப்பியைத் திறந்து கொடுத்தேன். கயிறடித்தல் ஐம்பது. அடுத்த நாள் முப்பத்திரண்டு, மூச்சு வாங்கியது. அதற்கடுத்த நாள் கயிறு அறுந்துவிட்டது. தமிழ் தெரிந்தவர் சிங்களத்தில் வாசிக்க வாசிக்க அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“மே.பி. யார்?”

“நான்தான்.”

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும். சொல்லி முடித்த பிறகும் கூரை அப்படியேதான் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் கொப்பிகள் எங்கே என்று கேட்டார். தண்ணீரில் நனைந்து பழுதாகிவிட்டன என்றேன். முழுப்பொய் இல்லை என்று அந்த நேரத்திலும் என் மனம் சமாதானம் சொன்னது. அவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, கோபமில்லாமல், “மிஸ் திங்கட்கிழமையே வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே, ஏன் வரவில்லை?” என்று கேட்டார். அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு ரூபனை விட்டார்கள். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கையால் கோப்பையைத் தூக்கினான். வலது கை மேசைக்குக் கீழேயே இருந்தது. விரல்கள் மடியவில்லை என்பதைப் பிறகு கண்டேன். என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நித்திரை எத்தனை மணித்தியாலம், கீரை சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவளுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறொன்றைத்தான் கேட்டேன்.

“ஏன் ரூபன் என்ர பேரைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா உம்மை விட்டிருப்பாங்களே.”

“சொன்னா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாங்கள் மிஸ்.” தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். “அவங்கள் கொண்டு வாறது வேற, நீங்களா வாறது வேற. நீங்களா வருவீங்கள்தானே எண்டு இருந்தனான்.”

“திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் ரூபன்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்த முகத்துக்கு முன்னால் அதையும் மறைக்க முடியவில்லை.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “ஓம் மிஸ்” என்றான். பஸ் வரும்வரைக்கும் இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு கிழமை இரத்மலானையில் உறவுக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினான். அதற்குள் நான் புதுக் கொப்பிகள் செய்துவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் நடை, விளையாட்டு என்று போட்டேன். யாருடன் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். அட்டையில் பொறுப்பாளரும் இல்லை, மே.பி.யும் இல்லை. கல்லூரியின் பெயரைப் பணிப்பாளர் இந்த முறை தானாகவே போடச் சொன்னார். இனி ஒரு பிள்ளைக்கும் ஆபத்தில்லை, எல்லாவற்றையும் திருத்திவிட்டேன் என்று மனம் கொஞ்சம் ஆறியிருந்தது.

ரூபன் கொப்பியை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தான். வலது கையில் இன்னும் சீலை சுற்றியிருந்தது.

“மிஸ், இதில உங்கட பேர் போடுற இடத்தைக் காணேல்லை.”

“இனி அது தேவையில்லை ரூபன். கல்லூரிப் பேர் இருக்குதுதானே.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான். “ஆரும் எங்களைப் பிடிச்சுக் கேட்டா, ஆரைச் சொல்லுறது மிஸ்?”

அன்று வகுப்பு நடக்கவில்லை. மேசையில் இருந்து முப்பத்தொன்பது அட்டையிலும் என் முழுப் பெயரையும், கொட்டாஞ்சேனை வீட்டு முகவரியையும் எழுதினேன். மேரி பிலோமினா என்று எழுத அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு முன்னர் தெரியாது. எழுதி முடித்த ஒவ்வொன்றையும் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரூபன் சோதனையை இடது கையால் எழுதினான். சித்தியடைந்தான். பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் எனக்கு முகம் இல்லை.

நித்திரையும் கீரையும் நடையும் மூச்சும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் சுவரில் இருந்த வட்டத்துக்குப் பக்கத்தில், மாணவருக்குக் கொடுக்கிற புதுப் படிவத்தையும் ஒட்டியிருந்தீர்கள். நல்ல கடதாசி, நல்ல அச்சு. கீழே தொடர்புக்கு என்று போட்டு, நலன் பிரிவு என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது நீங்கள் செய்த பிழை இல்லை, என்னிடமிருந்து தொடர்ந்து வந்த பழக்கமாகக்கூட இருக்கலாம். நான் அந்தப் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு மனிதரின் பெயரைக்கூடக் காணவில்லை. உங்கள் பிள்ளைகளை ஆரும் பிடித்துக் கேட்டால், அவர்கள் ஆரைச் சொல்லுவது?